வாவியின் இரு கரைகளும் வாக்களிக்க: பிடித்த படங்களின் பட்டியலும் நியாயமான கணக்கும்

2002 டிசம்பரில் பி.பி.சி. உலக சேவை, தன் எழுபதாம் ஆண்டையொட்டி, உலகின் தலைசிறந்த பாடல் எது என்று நேயர்களைக் கேட்டு ஒரு பட்டியல் வெளியிட்டது. முதலிடம் வுல்ஃப் டோன்ஸ் குழு பாடிய அயர்லாந்து விடுதலைப் பாடலுக்கு. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. நான்காவது, 'தளபதி' படத்துக்காக இளையராஜா இசையமைத்த 'ராக்கம்மா கையத் தட்டு'. ஐந்தாவது, திருமலைச் சந்திரன் பெயரில் பதிவான ஈழத்துப் பாடல் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. உலகமெங்கும் விற்றுத் தீர்ந்த குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பத்தாவது இடத்துக்குத்தான் வந்தது.

தமிழர் பலருக்கு அந்தச் செய்தி பெருமையாக இருந்தது. பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் முதல் ஐந்து பாடல்களையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே நடந்தது விளங்கும். நாடு, மொழி, விடுதலை என்ற உணர்வால் ஏற்கெனவே திரண்டிருந்த சமூகங்கள் மின்னஞ்சல் அனுப்பி ஆள் சேர்த்து வாக்களித்திருக்கின்றன. பாட்டின் சுவையைவிடத் திரளும் வலிமையே அதில் அளக்கப்பட்டது. போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஓராண்டுகூட நிறையாத காலம் அது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றில் அப்போது மின்சாரமே இல்லை. இணையம் எங்கே வரும்? உலகப் பட்டியலில் ஈழத்துப் பாடல் ஒன்று ஐந்தாவதாக நின்றபோது, அந்தப் பாடல் பாடிய துயரத்தின் நடுவே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வாக்களிக்க வழியில்லாமல் இருந்தார்கள்.

இன்று நிலைமை மாறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். கைபேசி வைத்திருக்கும் எவரும் ஒரு மாலைப் பொழுதுக்குள் 'நமக்குப் பிடித்த நூறு தமிழ்ப் படங்கள்' என்று வாக்கெடுப்பு நடத்தி, மறுநாள் முடிவு அறிவித்துவிடலாம். அறிவிப்பவர்கள் அதை 'மக்கள் தீர்ப்பு' என்கிறார்கள். எந்த மக்கள் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வாழ்பவர்களின் பெயரால் அப்படி ஒரு பட்டியல் போடுவதானால் அது எப்படி அமைய வேண்டும்? இதுவரை உலகில் பட்டியல் போட்டவர்கள் எங்கே இடறினார்கள், எதைத் திருத்திக்கொண்டார்கள்? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை வாக்கு வந்தது என்பதைவிட யாரிடமிருந்து வந்தது என்பதே பட்டியலின் நியாயத்தைத் தீர்மானிக்கிறது. வராதவர்களைத் தேடிப் போய்க் கேட்காத குறையை எந்தச் சூத்திரமும் ஈடுகட்டாது.

எண்ணிக்கை பெருத்தால் உண்மை வந்துவிடும் என்ற நம்பிக்கை 1936இலேயே உடைந்தது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. எதிர்த்து நின்ற வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது சஞ்சிகை. ஆட்சியிலிருந்த ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்தும் முகவரி எடுத்ததால், பொருளாதார மந்த காலத்திலும் வசதியோடு இருந்தவர்களிடமே அதிகம் கேட்டிருந்தார்கள். திருப்பி அனுப்பியவர்களிலும் ஆட்சிமீது கோபம் கொண்டவர்களே கூடுதல். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு, வெவ்வேறு தரப்பினரையும் அளவறிந்து சேர்த்த கருத்துக்கணிப்பாளர் ஜோர்ஜ் கலப் சரியான பக்கம் நின்றார்.

இதே சிக்கலை நம் நாட்டு வானொலியும் சந்தித்தது. கொழும்பிலிருந்து ரேடியோ சிலோன் 1952இல் தொடங்கி ஒலிபரப்பிய 'பினாகா கீத்மாலா' என்ற ஹிந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி, அமீன் சயானியின் குரலில் தென்னாசியா முழுவதையும் கட்டிப்போட்டது. பாடல்களை வரிசைப்படுத்த இசைத்தட்டு விற்பனைக் கணக்கு பார்த்தார்கள். விற்பனையை யாராவது செயற்கையாகக் கூட்டிக்காட்ட இடமிருந்ததால், ஊர்தோறும் இருந்த நேயர் மன்றங்களின் பட்டியல்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே ஊற்றை நம்பாமல் இரண்டு வகைச் சாட்சியத்தை வைத்து ஒன்றை மற்றதால் சரிபார்த்த அந்த முறை, கணினி வருவதற்குப் பல காலம் முந்தியது. இன்றைய இணைய வாக்கெடுப்புகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குக்கூட முன்னெச்சரிக்கை எடுப்பதில்லை.

திரைப்படங்களுக்கு இன்று உலகம் அதிகம் எடுத்துக்காட்டுவது ஐ.எம்.டி.பி. தளத்தின் மதிப்பெண்ணை. 2008 ஜூலையில் 'த டார்க் நைட்' வெளியானபோது அதன் இரசிகர்கள் அள்ளிக் கொடுத்த பத்துகளால் அந்தப் படம் சில நாட்களில் முதலிடத்துக்கு ஏறியது. 'த காட்ஃபாதர்' போன்ற பழைய படங்களுக்கு வேண்டுமென்றே ஒன்று போட்டு இறக்கினார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' அமேசான் பிரைமில் வெளியான சில நாட்களில் 9.6 பெற்று 'ஷோஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தையும் தாண்டியது. நீதிபதி சந்துரு வழக்கறிஞராக இருந்தபோது நடத்திய வழக்கை அடியொற்றிய அந்தப் படம் பலரை உலுக்கியது உண்மை. அதே நேரத்தில் படத்தைச் சுற்றித் தமிழ்நாட்டில் சாதி சார்ந்து எழுந்த சர்ச்சையும் மதிப்பெண்ணுக்குள் நுழைந்தது. ஆதரிப்பவர் பத்தும் எதிர்ப்பவர் ஒன்றும் போடும் இடத்தில், படத்தைப் பற்றிய கருத்து பின்னுக்குப் போய்விடுகிறது. காலம் செல்ல அந்த எண் இறங்கி ஓர் இடத்தில் நின்றது.

இதைத் தணிக்க அந்தத் தளம் தன் 250 படங்களின் பட்டியலுக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தது. குறைந்த வாக்குப் பெற்ற படத்தின் மதிப்பெண்ணை எல்லாப் படங்களின் பொதுச் சராசரியை நோக்கி இழுப்பது அதன் வேலை. இழுவையின் பலத்துக்கு 25,000 என்ற எண்ணைக் குறித்திருந்தார்கள். பொதுச் சராசரி 7 என்று வைத்துக்கொள்வோம். 2,500 பேர் சேர்ந்து ஒரு படத்துக்கு 9.5 கொடுத்தாலும் கணக்கில் அது ஏறத்தாழ 7.2 ஆகிவிடும். பத்துப் பேர் கூடி ஒரு படத்தைத் தூக்கிவிடுவதை இது தடுக்கிறது, நல்லதுதான். ஆனால் சிறிய சமூகத்தின் சினிமாவுக்கு இதே சூத்திரம் பெரிய அநீதி. வி. எஸ். துரைராஜா தயாரித்து டபிள்யூ. எஸ். மகேந்திரன் இயக்கிய 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிறந்த 'வாடைக்காற்று' (1978) ஆகியவற்றைப் பார்த்தவர் அத்தனை பேரும் ஒரே நாளில் பத்து மதிப்பெண் கொடுத்தாலும் அந்தக் கதவு திறக்காது. ஒரு மாவட்டத்துக்கான வாக்கெடுப்பில் இழுவை எண் மாவட்டத்தின் அளவுக்கேற்ப இருக்க வேண்டும். இருபத்தைந்தாயிரத்துக்குப் பதில் இருபத்தைந்து போதும்.

மதிப்பெண் முறையை முற்றாக விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் கேட்பது இன்னொரு வழி. பிரித்தானிய சஞ்சிகையான 'சைட் அண்ட் சவுண்ட்' 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் பத்துப் படங்களைக் கேட்டு வாங்குகிறது. வரிசை கிடையாது, பத்துக்கும் ஒரே நிறை. முதல் தடவை வாக்களித்தவர் அறுபத்துச் சொச்சம் பேர். 'பைசிக்கிள் தீவ்ஸ்' முதலாவது. பிறகு 1962 முதல் 2002 வரை ஐந்து தடவை 'சிட்டிசன் கேன்'. 2012இல் 846 பேர் வாக்களிக்க 'வெர்டிகோ' மேலே வந்தது. 2022இல் வாக்காளரை 1,639 ஆக விரித்தார்கள். பெண்களையும் பல நாட்டவரையும் புதிய தலைமுறையினரையும் கூடுதலாக அழைத்தார்கள். பெல்ஜியப் பெண் இயக்குநர் ஷந்தால் அகெர்மான் 1975இல் எடுத்த 'ஜான் டீல்மான்' முதலிடம் பெற்றது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 35ஆம் இடத்தில் நின்றது. பட்டியல் திரிக்கப்பட்டுவிட்டதாக இயக்குநர் போல் ஷ்ரேடர் கடுமையாகச் சாடினார். எனக்கு அவருடைய கோபம் ஏற்புடையதாக இல்லை. அறுபத்துச் சொச்சம் பேர் தெரிவு செய்தபோது யாரும் அதைத் திரிபு என்று சொல்லவில்லை. அழைக்கப்படாதிருந்தவர்கள் அழைக்கப்பட்டபோதுதான் சொன்னார்கள். அந்தச் சஞ்சிகையின் பெரிய நேர்மை, யார் யார் எந்தப் பத்தைச் சொன்னார்கள் என்பதை வெளியிட்டதில் இருக்கிறது. நம்மிடையே 'ஆனந்த விகடன்' '16 வயதினிலே' படத்துக்குக் கொடுத்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் பேசுகிறோம். அதை எவரும் தமிழ்நாட்டின் தீர்ப்பு என்று மயங்கவில்லை. விகடன் விமர்சனக் குழுவின் தீர்ப்பு என்று தெரிந்தேதான் மதித்தோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். மட்டக்களப்பு மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் தமிழர். நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். சிறு தொகையாகச் சிங்களவரும் பறங்கியரும். வாகரை முதல் வெல்லாவெளி வரை 14 பிரதேச செயலாளர் பிரிவுகள். வாவி இந்த நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடற்பக்கம் எழுவான்கரை: நகரம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு. வயற்பக்கம் படுவான்கரை: வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, பழுகாமம், வெல்லாவெளி. எழுவான்கரையில் பிரதான வீதி, பெரிய பாடசாலைகள், கடைகள், வேகமான இணையம். படுவான்கரையில் வேளாண்மை, மாடு, வாவி மீன், நீண்ட பயணம். மண்முனைப் பாலம் திறந்தது 2014இல்தான். அதுவரை அவ்விடத்தில் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். 'மட்டக்களப்பின் விருப்பம்' என்று இணையத்தில் ஒரு வாக்கெடுப்பை அப்படியே திறந்துவிட்டால், எழுவான்கரை இளைஞர்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் ஓரிரவில் அதை நிரப்பிவிடுவார்கள். படுவான்கரை விதைப்பு வேலையில் இருக்கும்.

ஆகவே முதற்படி, வாக்குகள் வருமுன்பே பங்கைத் தீர்மானிப்பது. பதினான்கு பிரிவுக்கும் சனத்தொகைக்கேற்ற வாக்காளர் தொகை. ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் பாதிப்பாதி. முப்பதுக்குக் கீழ், முப்பது முதல் ஐம்பத்தைந்து, அதற்கு மேல் என்று மூன்று வயதுப் பிரிவு. ஆயிரத்து நானூறு பேரிடம் இவ்வாறு கேட்டு எடுத்த பட்டியல், முகம் தெரியாத ஐம்பதாயிரம் அழுத்தல்களைவிட இந்த மாவட்டத்தை உண்மையாகக் காட்டும்.

வந்த வாக்குகளுக்குப் பிறகு நிறை கொடுத்துச் சரிக்கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. 2012 அமெரிக்கத் தேர்தலின்போது எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவி வைத்திருந்தவர்களிடம் ஆய்வாளர்கள் நாள்தோறும் கருத்துக் கேட்டார்கள். மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள்; அவர்களில் நூற்றுக்கு 93 பேர் ஆண்கள், 65 பேர் முப்பது வயதுக்குக் கீழ். அப்படிச் சாய்ந்துபோன கூட்டத்தைக்கூட வயது, பால், இனம், கல்வி, மாநிலம் என்று நுணுகிப் பிரித்து நிறை கொடுத்தபோது, முடிவு நல்ல கருத்துக்கணிப்புகளுக்கு இணையாக வந்தது. ஆனால் கவனிக்க வேண்டும்: அத்தனை இலட்சம் பேரில் முதிய பெண்கள் சிறு விகிதமாக இருந்தாலும் எண்ணிக்கையில் கணிசமாக இருந்தார்கள். நம் மாவட்டத்தில் நூற்றுக்கு எட்டுப் பேர் வாழும் ஒரு பிரிவிலிருந்து நூற்றுக்கு இரண்டு வாக்கு வந்தால், ஒவ்வொன்றையும் நான்காக எண்ணலாம், அது பொறுக்கக்கூடியது. வாகரையிலிருந்து மூன்றே பேர் வாக்களித்து, அந்த மூன்றையும் முப்பது மடங்காக்கினால், மூன்று நண்பர்களின் இரசனை ஒரு பிரதேசத்தின் இரசனையாகிவிடும். ஒரு பிரிவிலிருந்து குறைந்தது ஐம்பது வாக்காவது கையில் இல்லாமல் நிறை கொடுக்கக் கூடாது.

அந்த ஐம்பதை எப்படிப் பெறுவது? இங்கேதான் இணைய வாக்கெடுப்பு நடத்துபவர்கள் பெருமையாகச் சொல்லும் பாதுகாப்பே தடையாகிறது. ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு வாக்கு என்று விதி போடுகிறார்கள். கள்ள வாக்கைத் தடுக்க அது உதவும். ஆனால் ஐந்து பேர் வாழும் வீட்டில் ஒரு நல்ல போன் இருந்தால், அது பெரும்பாலும் வீட்டின் இளைஞனிடம் இருக்கும். தாயும் அப்புச்சியும் அம்மம்மாவும் வாக்கற்றவர்கள் ஆகிறார்கள். வறிய வீட்டைத்தான் இந்த விதி அதிகம் தண்டிக்கிறது. ஆகவே கடதாசி வாக்குச்சீட்டும் வேண்டும். வாசிகசாலை, சங்கக்கடை, மாதர் சங்கக் கூட்டம், கோயில் சடங்குக் காலம் என்று மக்கள் கூடும் இடங்களுக்குச் சீட்டைக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகிறவர் அந்த ஊர்ப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. முதியவர்களுக்குப் படத்தின் பெயர் நினைவில் நிற்பதில்லை. கதையும் பாட்டும் நிற்கின்றன. "சிவாஜி தங்கச்சிக்காகக் கண்ணில்லாமப் போற படம் மனே" என்றால் அது 'பாசமலர்'. சீட்டை எடுத்துச் செல்பவருக்குப் பழைய படங்கள் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தன் விருப்பத்தை எடுத்துக்கொடுக்கக் கூடாது. பத்தாண்டு பத்தாண்டாகப் படங்களின் பெயரும் நடிகர்களும் ஆண்டும் அச்சிட்ட ஒரு நினைவூட்டுத் தாள் கையில் இருந்தால் நல்லது. அதில் இல்லாத படத்தையும் சொல்லலாம் என்று முதலிலேயே அறிவிக்க வேண்டும். தாளில் முதலில் இருக்கும் பெயருக்குச் சலுகை கிடைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு ஊருக்கும் வரிசையை மாற்றி அச்சிட வேண்டும். ஆண்டு ஏன் முக்கியம் என்றால், ஒரே பெயரில் பல படங்கள் இருக்கின்றன. 'பில்லா' 1980இலும் 2007இலும். 'தில்லு முல்லு' 1981இலும் 2013இலும். 'படிக்காதவன்' 1985இலும் 2009இலும். ஆண்டில்லாத வாக்கைக் கணினி எங்கே போடும் என்பது எழுதியவரின் கையில் இல்லை.

வாக்களிக்கும் முறைக்கு வருவோம். 'உங்களுக்கு மிகப் பிடித்த ஒரே படம் எது' என்று கேட்பது மோசமான முறை. சிவாஜி இரசிகர்களின் வாக்கு 'பாசமலர்', 'திருவிளையாடல்', 'தில்லானா மோகனாம்பாள்', 'முதல் மரியாதை' என்று சிதறும். ஒரே ஒரு பெரிய வெற்றிப் படம் கொண்டவர் முன்னுக்கு வந்துவிடுவார். பத்துப் படம் சொல்ல இடம் கொடுத்தால் இந்தச் சிதறல் அடங்கும். எதிர் வாக்கு என்ற ஒன்றே இல்லாததால் 'ஜெய் பீம்' விடயத்தில் கண்ட பழிவாங்கலுக்கும் இடமில்லை. சமமாக வந்தால் தீர்ப்பதற்கு முதல் மூன்றுக்கு 1, 2, 3 என்று இலக்கமிடச் சொல்லலாம். இது நம் மக்களுக்குப் புதிதே இல்லை. பொதுத் தேர்தலில் மூன்று விருப்பு வாக்கு போட்டுப் பழகியவர்கள் நாம். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் எவரும் பாதியைத் தாண்டாததால், நாட்டின் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் மூன்றாம் விருப்பங்களையும் எண்ணித்தான் அநுர குமார திசாநாயக்கவை வெற்றியாளராக அறிவித்தார்கள். இந்தக் கணக்கை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம்.

ஒரு நடிகரின் படம் மூன்றுக்கு மேல் கூடாது என்று தடை போடலாமா? பலர் அப்படிச் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. களுதாவளையில் ஒரு பெரியவர் பத்தும் எம்.ஜி.ஆர். படமாக எழுதினால், அது அவர் வாழ்ந்த வாழ்க்கையின் உண்மை. அவரைத் திருத்துவது வாக்கெடுப்பின் வேலை இல்லை. அவரைப் போன்ற பத்துப் பேர் மட்டுமே வாக்களித்து மற்றவர்கள் விடுபடாமல் பார்ப்பதுதான் வேலை.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, பார்த்தலைப் பற்றியது. ஒருவர் பார்க்காத படம் அவருக்குப் பிடிக்க முடியாது. மட்டக்களப்பில் எந்தப் படம் பார்க்கக் கிடைத்தது என்பதை மக்கள் மட்டும் தீர்மானிக்கவில்லை. 1970களில் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு இறக்குமதி போனபின் தமிழ்நாட்டுப் படங்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, தாமதித்து வந்தன. அந்த இடைவெளியில்தான் உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 1978 நவம்பர் சூறாவளி மாவட்டத்தைச் சிதைத்தது. பின்னர் போர். 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே. மாலை ஆனால் வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. நகரத்துத் திரையரங்குக்கு இரவுக் காட்சிக்கு யார் வருவார்? கலியாண வீட்டிலோ சாமத்தியச் சடங்கிலோ ஜெனரேட்டர் வைத்து, டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் போட்ட படங்கள்தான் ஒரு தலைமுறையின் சினிமா. அந்தத் தலைமுறைக்கு 1990களின் கலைப்படங்கள் பிடிக்கவில்லை என்று ஒரு பட்டியல் காட்டினால் அது பொய்க் காட்சி. அவர்களுக்கு அவை கிடைக்கவில்லை.

இதற்கு உரைகல்லாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் இயக்குநர் பாலு மகேந்திரா. புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். சிறுவயதில் இலங்கையில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பைப் பார்த்ததே தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று சொல்லிவந்தார். 'மூன்றாம் பிறை' (1982) அவருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதையும் கமல்ஹாசனுக்கு நடிப்புக்கான தேசிய விருதையும் கொண்டுவந்தது. 'வீடு' (1988) சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதையும் பெற்றது. 'மூன்றாம் பிறை' பாட்டோடு வீடுவீடாகப் போனது. 'வீடு' அப்படிப் போகவில்லை.

ஒரு கணக்குக்காக, நூறு பேரைக் கேட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 'மூன்றாம் பிறை'யைத் தொண்ணூறு பேர் பார்த்து நாற்பத்தைந்து பேர் தங்கள் பத்தில் எழுதுகிறார்கள். 'வீடு' படத்தைப் பன்னிரண்டு பேர் பார்த்து ஒன்பது பேர் எழுதுகிறார்கள். வாக்கை மட்டும் எண்ணினால் 45க்கு 9. பார்த்தவர்களில் பங்கை எண்ணினால் பாதிக்கு முக்கால். எது நியாயம்? இரண்டாவது கணக்கிலும் ஓட்டை உண்டு: தேடிப் போய்ப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே அந்த வகைப் படத்தை விரும்புபவர்கள். எனவே இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும். அதற்கு வாக்கெடுப்பை இரண்டு சுற்றாக நடத்தி, இறுதிச் சுற்றுச் சீட்டில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும்: முதற்சுற்றில் முன்னுக்கு வந்த அறுபது படங்களில் எவற்றைப் பார்த்திருக்கிறீர்கள்? இந்தக் கேள்வியை நான் அறிந்த எந்தத் தமிழ்ப் பட்டியலும் கேட்டதில்லை. கேட்டால் போதாது, காட்டவும் வேண்டும். முதற்சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் நடுவே இரண்டு மாதம் விட்டு, அதிகம் பேர் பாராத, ஆனால் பார்த்தவர்கள் போற்றிய படங்களை, உரிமை பெற்று, பாடசாலை மண்டபங்களிலும் கோயில் முன்றல்களிலும் திரையிடலாம். கூத்துக் களரியைச் சுற்றி விடியும்வரை இருந்து பார்த்த ஊர்கள் இவை. 'வீடு' ஓடும் இரண்டு மணி நேரம் அவர்களுக்குப் பெரிதில்லை.

புலம்பெயர்ந்தவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் மனத்தாங்கல்கள் உண்டு. அவர்கள் நம் மக்கள். கனடாவிலிருந்து லெனின் எம். சிவம் எடுத்த 'எ கன் அண்ட் எ ரிங்' போன்ற படங்களை நமக்கு முன்னரே பார்த்தவர்கள். ஆனால் அவர்களுக்கு வாக்களிக்கும் வசதி பன்மடங்கு. யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் சொந்த நாட்டுக்கு வாக்களிக்க முடியாது என்ற விதி இருந்தும், குடிபெயர்ந்தோர் தாம் வாழும் நாட்டிலிருந்து தாய்நாட்டுக்கு வாக்களிக்கும் போக்கு பேசுபொருளானது. 2009இலிருந்து அதன் இறுதிப்போட்டியில் நடுவர் குழுவுக்குப் பாதி நிறை கொடுத்தார்கள். 2016இலிருந்து நடுவர் புள்ளியையும் மக்கள் புள்ளியையும் தனித்தனியே அறிவிக்கிறார்கள். நாமும் கலக்க வேண்டாம். ஊரில் இருப்போர் பட்டியல் ஒன்று, புலம்பெயர்ந்தோர் பட்டியல் ஒன்று. வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் நம் பெண்களை எங்கே வைப்பது? அவர்கள் ஒப்பந்தம் முடிந்து திரும்பி வருபவர்கள்; ஊர்ப் பட்டியலில்தான் வைக்க வேண்டும், அவர்களை முனைந்து தேடவும் வேண்டும்.

முஸ்லிம் ஊர்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடி மக்களின் மொழி தமிழ்; அவர்கள் கேட்டு வளர்ந்த பாட்டும் தமிழ்ப் பாட்டு. மார்க்கப் பற்றினால் சினிமாவைத் தவிர்ப்பவர்கள் அங்கே கணிசம். தவிர்ப்பவர்களின் விலகலை மதிக்க வேண்டும். பார்ப்பவர்களின் வாக்கை அந்தச் சாக்கில் விட்டுவிடக் கூடாது. மாவட்டத்தின் நான்கில் ஒரு பங்கினர் பொதுப் பட்டியலில் தடமே இல்லாமல் கரைந்துபோவது எளிது. இந்த ஊருக்கு அதற்கும் ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 1960 முதல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடத்தில் பெரும்பான்மை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாதிருக்க ஏற்பட்ட ஒழுங்கு அது, 1977இல் செ. இராசதுரையும் அகமது பரீதும் ஒரே தொகுதியிலிருந்து தெரிவானார்கள். பொதுப் பட்டியலோடு, ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு வயதினரும் ஆணும் பெண்ணும் தனித்தனியே எவற்றை முன்வைத்தார்கள் என்ற குறும்பட்டியல்களையும் வெளியிடுவது அதே நியாயத்தின் தொடர்ச்சி. நான் ஆவலோடு எதிர்பார்ப்பது பொதுப் பட்டியலை அன்று, இந்தக் குறும்பட்டியல்களுக்குள் எந்தப் படங்கள் எல்லாவற்றிலும் வருகின்றன என்பதைத்தான். வெல்லாவெளி விவசாயியும் ஏறாவூர் வியாபாரியும் நகரத்து ஆசிரியையும் ஒரே படத்தை எழுதியிருந்தால், அந்தப் படத்துக்கு மூவாயிரம் வாக்கு வந்ததைவிட அது பெரிய செய்தி.

பணச் செலவு பெரிதல்ல. பதினான்கு பிரிவிலும் நம்பிக்கையான நான்கு பேர் வேண்டும், அச்சுக் கூலி வேண்டும், மூன்று மாதம் பொறுமை வேண்டும். பல்கலைக்கழக மாணவர்களும் வாசிகசாலைகளும் சேர்ந்தால் நடத்தி முடிக்கக்கூடிய வேலை. நடத்துபவர்கள் தம் விதிகளை வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிடட்டும். முடிந்தபின் பெயர்களை நீக்கிவிட்டு எல்லாச் சீட்டுகளின் விவரத்தையும் எவரும் எண்ணிப் பார்க்கும்படி கொடுக்கட்டும்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். 'மட்டக்களப்பு மக்களின் விருப்பப் படங்கள்' என்று எந்தப் பட்டியல் உங்கள் கைபேசிக்கு வந்தாலும், முதலாவது படம் எது என்று பார்ப்பதற்கு முன், வாகரையிலிருந்து எத்தனை பேர், வெல்லாவெளியிலிருந்து எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று கேளுங்கள். அந்த எண்களைத் தராத பட்டியலை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.